மேடுபள்ளமான சுவருக்கு ஸ்மூத்திங் பெயிண்ட்: அப்பாவின் அறையில் செய்து பார்த்தது

அப்பா கொத்தனார். அவர் படுக்கும் அறையின் சுவரைப் பூசியதும் அவர்தான். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிய சுவர் அது. சாதாரணமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் காலையில் ஜன்னல் வழியாக வெயில் சுவரோடு சாய்ந்து ஓடும் அரைமணி நேரம் மட்டும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும்.

இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் அவர் படுக்கையில் இருந்தார். தினமும் கண் விழித்ததும் எதிரே அந்தச் சுவர். "அந்த மூலையில மட்டப்பலகை சரியா ஓடலம்மா" என்று ஒரு நாள் சொன்னார். மறுநாளும் சொன்னார். எத்தனையோ பேர் வீட்டுக்குச் சுவர் பூசிக் கொடுத்தவருக்குத் தன் அறைச் சுவரின் குறை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம்தான். நோயாளி இருக்கிற வீட்டில் அவ்வளவு தூசியையும் ஈரத்தையும் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. சுவர் முழுக்கப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற மாவுக் கலவை, வைத்துத் தேய்த்தாலும் மாவு மாவாகத் தூசி பறக்கும். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தபோது கிடைத்ததுதான் ஸ்மூத்திங் பெயிண்ட். குழைத்த சாந்து மாதிரி கெட்டியாக இருக்கும். ரோலரால் சுவரில் தடவி, காய்வதற்குள் அகலமான தகட்டால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். பெயிண்டுக்கும் பட்டிக்கும் நடுவில் இருக்கிற பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை மூன்று சுவர்களுக்கு அடித்திருக்கிறேன். முதல் சுவரில் பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கனம்தான் முதல் கணக்கு

"நல்ல பெயிண்டா ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும்" என்று பலர் சொல்வார்கள். மறையாது. கணக்கு எளிது. 1 லிட்டரை 1 சதுர மீட்டரில் பரப்பினால் சரியாக 1 மில்லிமீட்டர் கனம் நிற்கும். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற சாதாரண எமல்ஷன் பெயிண்ட் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் ஓடும். அப்படியென்றால் ஈரத்தில் அதன் கனம் 0.1 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். காய்ந்தபின் சுவரில் மிஞ்சுவது 0.04 மில்லிமீட்டர் அளவு, தலைமுடியைவிட மெல்லிய படலம். போதாததற்கு, அந்தப் படலம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே கனத்தில் படியும். பத்துக் கோட் அடித்தாலும் பழைய மேடுபள்ளம் புது நிறத்தில் அப்படியே தெரியும்.

ஸ்மூத்திங் பெயிண்ட் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று கனமாக நிற்கும். சுண்ணாம்புக்கல் தூள் போன்ற நிரப்புப் பொருள் அதில் நிறைய இருப்பதால் காயும்போது அவ்வளவாகச் சுருங்காது. ஆனாலும் ரோலரால் தடவிவிட்டு அப்படியே விட்டால் அதுவும் மேட்டில் ஒரு பங்கு, பள்ளத்தில் ஒரு பங்கு என்றுதான் நிற்கும். மேட்டில் இருப்பதை வழித்துப் பள்ளத்தில் நிறுத்துவது தகடு. இந்த வேலையில் பாதிக்கு மேல் தகட்டைப் பிடிக்கிற கைதான்.

எவ்வளவு வாங்குவது என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 12 சதுர மீட்டர். சராசரி அரை மில்லிமீட்டர் கனத்துக்கு 6 லிட்டர். சொட்டுவது, வழித்துக் கொட்டுவது எல்லாம் சேர்த்து 7 லிட்டர் என்று வையுங்கள். இரண்டாவது கோட்டுக்குத் தனி. எமல்ஷன் வாங்குகிற பழக்கத்தில் 1 லிட்டர் டப்பாவோடு ஆரம்பித்தால் இரண்டு சதுர மீட்டரிலேயே தீர்ந்துவிடும். ஓடிப் போய் அடுத்ததை வாங்கி வருவதற்குள் முதலில் தடவியதன் ஓரம் காய்ந்து, அந்த இடத்தில் ஒரு வரப்பு நிற்கும்.

சுவரைப் பார்க்கத் தெரிய வேண்டும்

ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். வெளிச்சம் சுவர்மேல் படுத்துக்கொண்டு ஓட வேண்டும். பகலில் தெரியாததெல்லாம் தெரியும். முதல் தடவை பார்க்கும்போது மனசு சோர்ந்துவிடும், எல்லாச் சுவரும் அப்படித்தான் இருக்கும். தெரிகிற மேடுகளைச் சுற்றிப் பென்சிலால் லேசாக வட்டம் போடுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம். அந்த மை எத்தனை கோட் அடித்தாலும் கசிந்து மேலே வந்துவிடும்.

அப்புறம் ஆழத்தை அளக்க வேண்டும். நேரான அலுமினியப் பட்டை அல்லது மட்டப்பலகை ஒன்றைச் சுவரில் வைத்து, இடைவெளி தெரிகிற இடத்தில் சாதாரண அச்சுத்தாள்களை அடுக்கிச் செருகிப் பாருங்கள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். பத்துத் தாள் நுழைந்தால் 1 மில்லிமீட்டர் பள்ளம். அப்பா இதையெல்லாம் செய்ய மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைச் சுவரில் மெதுவாக ஓட்டுவார். கண் வெளிச்சத்தைப் பொறுத்து ஏமாறும், கை ஏமாறாது என்பார். நானும் இப்போது இரண்டையும் செய்கிறேன். தாளில் அளந்து, கையில் தடவி, இதுதான் 1 மில்லிமீட்டர் என்று கைக்குப் பழக்குகிறேன்.

அரை மில்லிமீட்டருக்குள் இருக்கிற ரோலர் புள்ளி, பிரஷ் கோடு, பழைய பெயிண்ட் உரிந்த விளிம்பு, முடி அளவு கீறல் எல்லாவற்றையும் ஒரு கோட்டில் சரிசெய்யலாம். 1, 2 மில்லிமீட்டர் வரை இரண்டு கோட்டில் வரும். அதற்கு மேல் 5 மில்லிமீட்டர் வரையான பள்ளங்களை முதலில் பட்டி வைத்து நிரப்பிக் காயவிட்டு, அதன்மேல் ஸ்மூத்திங் பெயிண்ட் அடிக்கலாம். சுவரே நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது, தூக்குக்குண்டு பிடித்தால் ஒரு விரல் சாய்கிறது என்றால் எந்தப் பெயிண்டாலும் முடியாது. அது கொத்தனார் வேலை. இந்தப் பெயிண்ட் சுவரின் மேல்தோலைச் சரிசெய்யும். வடிவத்தை மாற்றாது.

இந்தச் சுவர்களில் அடிக்க வேண்டாம்

ஓதம் ஏறிய சுவர் முதல். உப்புப் பூத்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால், பெயிண்ட் கொப்புளித்தால், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாமல் மேலே எதுவும் பூசாதீர்கள். சந்தேகமாக இருந்தால் 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில், சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாகக் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரமென்றால் அது அறையின் காற்றில் இருக்கிற ஈரம், காற்றோட்டத்தைக் கவனித்தால் போதும்.

புதிதாகப் பூசிய சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்குள் அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரமும் காரமும் மேலே போட்டதைத் தள்ளிவிடும்.

விரிசல்களில் எல்லாம் ஒன்றல்ல. முடி அளவு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரி இருந்தால் அது பூச்சு காய்ந்தபோது விழுந்தது, பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு மூலையிலிருந்தோ சரிவாக ஏறும் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், அல்லது இப்போதே 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தால், பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதை மூடி மறைப்பது ஆபத்து. எச்சரிக்கிற அடையாளத்தை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர் நேராகத் தெறிக்கும் குளியலறைச் சுவருக்கும் இது ஆகாது. பெரும்பாலான ஸ்மூத்திங் பெயிண்டுகள் ஈரத்தை உறிஞ்சும், ஊறினால் மெத்தென்று ஆகிவிடும்.

டப்பாவில் எதைப் படிப்பது

கடையில் நான் முதலில் தேடுவது ஒரு கோட்டுக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்ற வரியை. அது இல்லாத டப்பாவை நான் எடுப்பதில்லை. "சிறு குறைகளை மறைக்கும்" என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்து, பின்பக்கம் லிட்டருக்கு 8, 10 சதுர மீட்டர் என்று இருந்தால் அது கொஞ்சம் கெட்டியான சாதாரண பெயிண்ட், அவ்வளவுதான். உண்மையான ஸ்மூத்திங் பெயிண்ட் லிட்டருக்கு 1 அல்லது 2 சதுர மீட்டர்தான் ஓடும். அந்த எண்ணைப் பார்த்தாலே பொருள் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, எந்தப் பரப்பில் ஒட்டும், மேலே வேறு பெயிண்ட் அடித்தாக வேண்டுமா, அடுத்த கோட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பவை. பெரும்பாலும் வெள்ளையாகத்தான் வரும், மேலே நிறம் அடித்தே ஆக வேண்டும். தயாரித்த தேதியையும் பாருங்கள். பழசானால் அடியில் இறுகி, எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாக நிற்கும். தகட்டில் இழுக்கும்போது ஒவ்வொரு கட்டியும் சுவரில் ஒரு நீளக் கீறல் போடும்.

ரப்பர் மாதிரி இழுபடும் வகை ஒன்றும் உண்டு. முடிக்கீறல்கள் திரும்பத் திரும்ப வரும் சுவருக்கு அது நல்லது, சுவரோடு சேர்ந்து கொஞ்சம் நீளும். ஆனால் அதை உப்புத்தாளால் தேய்க்க வராது, உருண்டு உருண்டு வரும். தேய்த்து வழவழப்பாக்க வேண்டும் என்றால் அந்த வகை வேண்டாம். அப்பாவின் அறைக்கு நான் எடுத்தது தேய்க்க வருகிற அக்ரிலிக் வகை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறை காலியாக இருக்கிறது, சுவர் முழுக்கவே 2 மில்லிமீட்டர் சீரற்று இருக்கிறது, பட்டி வைக்கத் தெரிந்த ஆள் கிடைக்கிறார் என்றால் வெள்ளை சிமெண்ட் பட்டியே மேல். அது இன்னும் உறுதியாக நிற்கும், செலவும் குறைவு. ஆட்கள் புழங்கும் அறையில், குறைந்த தூசியில், புதிதாகப் பழகுகிறவர் தாமே செய்வதற்குத்தான் ஸ்மூத்திங் பெயிண்ட் பொருத்தம்.

தயார் செய்வது

பழைய சுவரை ஈரத்துணியால் ஒரு இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறமோ சுண்ணாம்போ வழிந்து வந்தால் அது டிஸ்டெம்பர் அல்லது வெள்ளையடித்த சுவர். அதைச் சுரண்டிக் கழுவி எடுத்தே ஆக வேண்டும். கெட்டிப் பெயிண்ட் காயும்போது அடியில் இருப்பதைப் பிடித்து இழுக்கும். அடியில் இருப்பது பொடியாக இருந்தால் மொத்தமும் பாளம் பாளமாக வந்துவிடும். எமல்ஷன் என்றால், பிளேடால் குறுக்காக இரண்டு கீறல் போட்டு அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வராவிட்டால் நல்ல பிடிப்பு இருக்கிறது. பளபளக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் 120 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-ல்தான் தடைசெய்தார்கள். பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் தடை வந்தது. பல கோட் கொண்ட பழைய சுவரை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. பரிசோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, நனைத்துத் தேய்த்துச் சேற்றைத் துணியால் வழித்து எடுங்கள். அறையில் அந்த நேரம் வேறு யாரும் இருக்கக் கூடாது.

நகரும் விரிசல் இல்லை என்று உறுதியான கீறல்களைத் தகட்டு முனையால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, பட்டி வைத்து நிரப்புங்கள். ஆணி ஓட்டைகளும் அப்படியே. துருத்திக்கொண்டு நிற்கும் மணல் துகள்களை, சாந்துச் சிதறல்களைத் தகட்டால் தட்டிவிடுங்கள். இதை நான் முதல் தடவை அலட்சியமாக விட்டேன். ஒரு மணல் துகள் தகட்டில் மாட்டினால் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டுப் போகும்.

மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் மூடிகளைக் கழற்றுங்கள். அதைச் சுற்றித் தகட்டைத் திருப்ப முடியாது. கழற்றினால் நேராக இழுத்துக்கொண்டு போகலாம். கடைசியாக ஈரத்துணியால் சுவரைத் துடைத்து, காய்ந்ததும் டப்பாவில் சொன்ன ப்ரைமரை, அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சை, ஒரு கோட். ஈரம் உறிஞ்சும் சுவருக்கு ப்ரைமர் இல்லாமல் அடித்தால், நீங்கள் தகட்டை எடுத்து வருவதற்குள் சுவர் தண்ணீரைக் குடித்துவிடும்.

தடவுவதும் இழுப்பதும்

முதல் சுவரில் பாதியைச் சுரண்டினேன் என்றேனே, காரணம் மின்விசிறி. புழுக்கமாக இருந்ததால் ஓடவிட்டுக்கொண்டே அடித்தேன். பெயிண்டின் மேல் ஆடை கட்டிவிட்டது, உள்ளே ஈரம் அப்படியே. தகட்டை வைத்து இழுத்ததும் அந்த ஆடை கிழிந்து சுருட்டிக்கொண்டு வந்தது. சரிசெய்யலாம் என்று திரும்பத் தடவினேன், இன்னும் கிழிந்தது. அடிக்கிற நேரத்தில் மின்விசிறி கூடாது. ஜன்னலைச் சாத்தி வையுங்கள். நேர் வெயில் விழும் சுவர் என்றால் வெயில் நகர்ந்தபின் ஆரம்பியுங்கள்.

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். ரோலரின் ரோமம் 18 மில்லிமீட்டர் அளவு நீளமாக இருக்க வேண்டும், குட்டை ரோமம் கெட்டிப் பெயிண்டைச் சுமக்காது. தகடு 40 சென்டிமீட்டராவது அகலம், லேசாக வளைந்து கொடுக்கிற எஃகு. பட்டி வைக்கிற சின்னத் தகட்டால் இழுத்தால் நாலு விரலுக்கு ஒரு கோடு விழும். பள்ளம் அதைவிட அகலமாக இருந்தால் தகடும் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், எதுவும் சமன் ஆகாது. தகட்டின் இரண்டு முனையையும் உப்புத்தாளில் ஓட்டி மழுக்கி வையுங்கள். கூரான முனைதான் சுவரைக் கீறும்.

முதலில் பழைய பலகை ஒன்றிலோ, அலமாரி மறைக்கிற சுவரிலோ ஒரு சதுர மீட்டர் பழகுங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

டப்பாவை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். காற்றுக்குமிழி சேராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், கெட்டித்தன்மைதான் இதன் சக்தி. சுவரின் மேல் மூலையில் ஆரம்பித்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு ரோலரால் தாராளமாகத் தடவுங்கள். சீராக இருக்க வேண்டிய அவசியமில்லை, எங்கும் வெற்றிடம் இல்லாமல் இருந்தால் போதும். சில நிமிடம் பொறுங்கள். ஈரப் பளபளப்பு லேசாக மங்க ஆரம்பிக்கும்போது தகட்டை எடுங்கள்.

தகட்டைச் சுவரிலிருந்து 30 டிகிரி அளவு சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு. அழுத்தம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் தகட்டை வழித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வழித்ததை வேறு ஒரு சின்ன வாளியில் போடுங்கள். திரும்பப் பெரிய டப்பாவில் போட்டால் சுவரிலிருந்து வந்த மணலும் பொருக்கும் எல்லாப் பெயிண்டையும் கெடுத்துவிடும். அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் ஐந்து சென்டிமீட்டராவது ஏறிப் போகட்டும்.

இரண்டு இழுப்புக்கு நடுவில் மெல்லிய வரப்பு நிற்கும். அதைப் பார்த்ததும் திரும்பத் தகட்டை வைக்கக் கை பரபரக்கும். வைக்காதீர்கள். நான் மூன்றாவது தடவை அதே இடத்துக்குத் தகட்டைக் கொண்டுபோனபோது, ஹாலில் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா கதவு வழியாகப் பார்த்து, "கையை எடும்மா, நாளைக்கு அது தானா தேயும்" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது சரி. காய்ந்த வரப்பு உப்புத்தாளில் நாலு தேய்ப்பில் போய்விடும். ஈரத்தில் நோண்டிய பள்ளம் இன்னொரு கோட் கேட்கும்.

ஒரு சதுரம் முடிந்ததும் தாமதிக்காமல் பக்கத்துச் சதுரம். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது வந்து சேர வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தடவ, ஒருவர் இழுக்க, வேலை மிகவும் சுலபம். அன்று எனக்குத் தம்பி தடவிக் கொடுத்தான். சுவர் முடியும்வரை நடுவில் ஓய்வு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மூலையில் போய் நிறுத்துங்கள்.

மூலையின் இரண்டு சுவர்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒன்றைச் சரிசெய்யும்போது தகட்டு முனை மற்றதைக் குத்தும். பெயிண்ட் படக் கூடாத ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தால், பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே அதை உரித்துவிடுங்கள். இவ்வளவு கனமான பெயிண்ட் காய்ந்தபின் டேப்பை இழுத்தால் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும்.

வேலை முடிந்து தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் ஜன்னலைத் திறந்துவிடலாம். மறுநாள் பார்த்தால் பள்ளமாக இருந்த இடங்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் சாம்பல் நிறத்தில் தெரியும். அங்கே கனம் அதிகம், ஈரம் இன்னும் இருக்கிறது. அவை மற்ற இடம் போல வெளுக்கும்வரை காத்திருங்கள். 24 மணி நேரம் என்று டப்பாவில் இருந்தாலும் என் சுவரில் சில இடங்கள் இரண்டு நாள் எடுத்தன. இரண்டாவது கோட்டைப் பக்கவாட்டில் இழுங்கள். முதல் கோட்டின் கோடுகள் மேலும் கீழுமாக இருக்கும், இது அவற்றைக் குறுக்கே வெட்டி நிரப்பும்.

தேய்ப்பதும் நிறமும்

120 எண் உப்புத்தாளின் துகள் ஏறக்குறைய 0.125 மில்லிமீட்டர், 180 எண்ணுக்கு 0.08. முதலில் 120-ஆல் வரப்புகளை மட்டும், அப்புறம் 180-ஆல் சுவர் முழுக்க லேசாக. உப்புத்தாளைக் கையில் மடித்துத் தேய்த்தால் விரல் விரலாகப் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். அப்பா தன்னுடைய பழைய மணியாஸ் கட்டையை, பூச்சைத் தேய்த்துச் சமன் செய்கிற கொத்தனார் கட்டையை, எடுத்துத் தரச் சொன்னார், அதில் சுற்றித்தான் தேய்த்தேன். கைக்கு அடக்கமாக இருந்தது. பக்கத்தில் டார்ச் எரியட்டும், நிழல் விழும் இடத்தை மட்டும் தேய்க்கலாம். என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் கட்டாயம். துணி கட்டிக்கொண்டால் அவ்வளவு நுண்ணிய தூசி நிற்காது. அதற்காகத்தான் அப்பாவை அந்த நான்கு நாளும் ஹாலுக்கு மாற்றி, அறைக் கதவின் அடியில் ஈரத்துணி வைத்தேன்.

தேய்த்த சுவரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எமல்ஷன் அடிக்கலாம். ஸ்மூத்திங் பெயிண்ட் தண்ணீரை உறிஞ்சும். முதல் கோட்டைப் பெயிண்ட் டப்பாவில் அனுமதித்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மெல்லிசாக அடியுங்கள். இல்லாவிட்டால் கனமான இடமும் மெல்லிய இடமும் வேறு வேறு மாதிரி குடித்து, திட்டுத் திட்டாகத் தெரியும். மேலே இரண்டு கோட் மேட் ரகம். பளபளப்பு ரகத்தை இந்தச் சுவருக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி, கால் மில்லிமீட்டர் அலையையும் காட்டிக்கொடுக்கும்.

ரோலரையும் தகட்டையும் கழுவுவதற்கு முன் பெயிண்டை நன்றாக வழித்து எடுத்துவிடுங்கள். கழுவின தண்ணீரை ஒரு வாளியில் ஒரு நாள் வைத்தால் அடியில் கெட்டியாகத் தங்கும். அதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் போய்ச் சுவர் மாதிரி இறுகிவிடும்.

எல்லாம் முடிந்து பெயிண்ட் வாடை போனபின் அப்பாவை அறைக்குத் திருப்பி அழைத்துவந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனார். ஒரு கையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார். ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மூலை வரை. அந்த மூலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கை நின்றது. அப்புறம் திரும்பி வந்து, ஸ்விட்ச்சுக்குக் கீழே ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு விரல் அகலத்துக்கு இன்னும் இருக்கும்மா."

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது. மீதிப் பெயிண்ட் அரை லிட்டர், மேலே பிளாஸ்டிக் தாள் படிய வைத்து இறுக்கி மூடி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தை மட்டும் இழுக்கப் போகிறேன். தகட்டை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.